1 நிமிடம் 12 வினாடியில் என்ன நடந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் அனிமே பார்க்கிற பிள்ளை யாராவது இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூன்று வினாடிக் காட்சி ஒன்றையே நாற்பது தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். ஏ.எம்.வி. செய்கிறார்கள், அதாவது அனிமே மியூசிக் வீடியோ. ஜப்பானிய அனிமேஷன் தொடர்களிலிருந்து காட்சிகளை வெட்டியெடுத்து, தமக்குப் பிடித்த ஒரு பாட்டின்மேல் அடுக்கி, மூன்று நான்கு நிமிடத்தில் வேறொரு கதையைச் சொல்வது. பெரும்பாலும் ஆசைக்காகச் செய்கிற வேலைதான். முடித்த கையோடு நம்மிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

வழக்கமாக நாம் என்ன சொல்கிறோம்? "சூப்பர்" என்கிறோம். பிடிக்காவிட்டால் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்கிறோம். செய்தவருக்கு இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த இடத்தில் கை வைப்பது என்று இரண்டும் சொல்வதில்லை.

இதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. முதல் ஏ.எம்.வி. என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1982இல் அமெரிக்காவில் ஓர் இளைஞர் செய்தது. வீடியோ டேப்பில் பதிவு செய்கிற வி.சி.ஆர். கருவிகள் இரண்டை ஒன்றோடொன்று இணைத்து, விண்வெளிப் போர்த் தொடர் ஒன்றின் மிக வன்முறையான காட்சிகளை எடுத்து, அன்பைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற பாட்டின்மேல் போட்டார். அந்தக் குறும்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருகிறேன். டேப்பில் எடிட் செய்யும்போது நடுவில் ஒரு துண்டு நீளமாகிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அப்போது போய் "அந்த இடம் இழுவை" என்று சொன்னால் பாவம், அவர் என்ன செய்வார்? இன்றைக்கு அதே துண்டை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். அதனால் கருத்துச் சொல்வதற்கு இன்றைக்குத்தான் உண்மையான பயன் இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை எங்கே போனாலும் சொல்வேன், ஏற்கனவே கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் செய்த முதல் பெரிய வீடியோவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அண்ணனும் தம்பியும் பிரிந்துபோகிற ஒரு தொடர். பாட்டும் சோகம். பார்த்தவர்கள் எல்லோரும் "அழுதுட்டேன்", "செம" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது நேரில் பார்த்தே இராத ஒருவரிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. "1 நிமிடம் 12 வினாடியில் என் கை தானாகப் போனுக்குப் போனது. ஏன் என்று தெரியவில்லை."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மூன்று மாத உழைப்பு, இவருக்கு ஏனென்றுகூடத் தெரியவில்லையாம்! அன்று பதில் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள், அவர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன்.

அங்கே பாட்டில் குரல் நின்று வெறும் வாத்தியம் ஓடுகிறது. திரையில் அண்ணன் தம்பியைப் பார்த்து ஏதோ பேசுகிறான். நான்கு வினாடி உதடு அசைகிறது. குரல் இல்லை. பாடகரும் பாடவில்லை. பார்க்கிறவருக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே தெரியாது. காது குரலைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. மனசு அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுகிறது.

மூன்று மாதம் நான் ஏன் இதைக் கவனிக்கவில்லை? எனக்கு அந்த வசனம் மனப்பாடம்! உதடு அசைந்தவுடன் என் காதுக்குள் அவன் பேச ஆரம்பித்துவிடுவான். "அழுதுட்டேன்" என்றவர்களும் அந்தத் தொடரைப் பார்த்தவர்கள்தான். இவர் பார்த்ததில்லை. அதனால் திரையில் உள்ளதை மட்டும் பார்த்தார்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வீடியோவைச் செய்தவரால் அதை முதல் தடவையாகப் பார்க்கவே முடியாது. எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் அந்த ஒரு பார்வை அவருக்குக் கிடைக்காது. அது பார்க்கிற உங்களிடம் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. இரண்டாம் முறை பார்க்கும்போது உங்களுக்கும் அடுத்தது என்னவென்று தெரிந்துவிடும். அதனால் முதல் தடவை நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். எங்கே சிரித்தீர்கள், எங்கே குழம்பினீர்கள், எங்கே கொட்டாவி வந்தது என்று நிமிடத்தையும் வினாடியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிய வேண்டாம். தெரியாவிட்டாலும் எழுதுங்கள். நிமிடமும் வினாடியும் முக்கியம். திரும்பச் சொல்கிறேன், நிமிடமும் வினாடியும்.

காரணத்தை இரண்டாம் தடவை தேடலாம். மூன்றாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டுகிற இடங்களுக்கென்று, அதாவது கட்டுகளுக்கென்று, ஒரு தாளம் இருக்கிறதா, அல்லது பாட்டுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறதா என்பது அப்போது வெளியே வரும்.

அடுத்து, எல்லோரும் சொல்கிற "சிங்க் இல்லை" என்ற குறை, அதாவது படமும் பாட்டும் ஒரே கணத்தில் சேரவில்லை என்பது. எந்தப் பக்கம் இல்லை என்று சொல்ல வேண்டாமா? படம் முந்துகிறதா, பாட்டு முந்துகிறதா? இரண்டும் ஒன்றல்ல. தூரத்தில் ஒருவர் மரம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கோடரி விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். நாற்பது மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி தாமதம். மின்னலும் இடியும் அப்படித்தானே? ஒலி பிந்தி வருவது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், ஆனால் முந்தி வருவதை இயற்கையில் நாம் பார்த்ததே இல்லை. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரைகளிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லி வினாடி ஆகும்போதுதான் நமக்கு உறைக்கிறது. முந்தினால் 45 மில்லி வினாடியிலேயே பிடித்துவிடுகிறோம். அனிமே பெரும்பாலும் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படச்சட்டம். ஒரு பிரேம் சுமார் 42 மில்லி வினாடி. அப்படியென்றால் பாட்டின் அடி, அதாவது பீட், முந்திக்கொண்டால் ஒரு பிரேமைத் தாண்டினாலே உறுத்தலாம், பிந்தினால் இரண்டு பிரேம் வரைக்கும் கண் மன்னித்துவிடும். நீங்கள் பிரேம் எண்ண வேண்டியதில்லை. "அடி விழுந்த பிறகுதான் காட்சி மாறுகிறது" என்று சொன்னால் போதும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அதற்காக எல்லா பீட்டுக்கும் கட் கேட்காதீர்கள். நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் அரை வினாடிக்கு ஓர் அடி, அதாவது 12 பிரேம். ஒவ்வொன்றுக்கும் வெட்டினால் நான்கு நிமிடத்தில் 480 கட். ஒன்றும் மனதில் தங்காது. நல்ல எடிட்டர் வெட்டாமலே அடியைப் பிடிப்பார். கதவு சாத்தும் கணம், கண் திறக்கும் கணம், தலை திரும்பி நிற்கும் கணம் அடியின்மேல் சரியாக விழும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அதையும் நிமிடம் வினாடியோடு சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அவர் அதையே தூக்கிப்போட்டுவிடக்கூடும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது, அந்தச் சோகம் இப்போது வேண்டாம்.

இன்னொன்று. வைத்தியம் சொல்வதற்கு முன்னால் வலி எங்கே என்று சொல்லுங்கள். "இந்த இடத்தை ஸ்லோமோஷனில் போடு" என்று யோசனை சொல்வார்கள். அனிமேவில் 24 பிரேமுக்கும் தனித்தனி ஓவியம் வரைவது அபூர்வம். ஒரே ஓவியம் இரண்டு அல்லது மூன்று பிரேமுக்கு நிற்கும். அப்படியானால் வினாடிக்கு 12 அல்லது 8 ஓவியம்தான். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் வெட்டுக்கிளி மாதிரித் தத்தித் தத்திப் போகும். "அவன் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் போதவில்லை" என்று சொல்லியிருந்தால், அவர் வேறொரு காட்சியை எடுத்திருப்பார், அல்லது முந்தைய காட்சியைக் குறைத்திருப்பார். வழி கண்டுபிடிப்பது அவர் வேலை.

இப்போது அந்த 1982 குறும்பு. அன்புப் பாட்டுக்கு வெடிகுண்டுக் காட்சிகள். "பாட்டும் படமும் பொருந்தவில்லை" என்று அதைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால்? பொருந்தாததுதானே அங்கே விஷயமே! அதனால் என்ன நினைத்துச் செய்தார் என்று கேட்டுவிடுவது நல்லது. ஆனால் பார்ப்பதற்கு முன்னால் கேட்காதீர்கள், முதல் பார்வை கெட்டுவிடும். பார்த்து முடித்ததும் "எனக்குப் புரிந்த கதை இது" என்று நான்கு வரியில் சொல்லுங்கள். அவர் "ஐயோ, அவள் இறந்துபோனாள் என்று நான் காட்டவே இல்லையே" என்பார். அந்த ஒரு வரியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். பாட்டு உங்களுக்குப் பிடிக்காது என்பதை மட்டும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை அவரால் திருத்த முடியாது.

ஓரத்தில் கறுப்புப் பட்டை, விட்டுப்போன சப்டைட்டில், இரண்டு பிரேம் கலந்து பேய் போலத் தெரிவது, இவற்றை ஒரு தடவை பட்டியலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒன்றை மட்டும் தயங்காமல், முதல் வரியிலேயே சொல்லுங்கள். திரை பளிச் பளிச்சென்று மின்னினால். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானபோது சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னி, 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வினாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. எடிட்டர் மனசு நோகுமே என்றெல்லாம் இதில் பார்க்கக்கூடாது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் மீதி என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். கருத்தை வாங்கிக்கொள்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதில் மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட்டவுடன் விளக்கம் சொல்லாதீர்கள், பார்க்கிற எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க முடியாது. ஒருவர் சொன்னால் யோசியுங்கள், மூன்று பேர் ஒரே வினாடியைச் சொன்னால் மாற்றுங்கள். புதிதாகத் தொடங்கியவருக்குப் பத்துக் குறை வேண்டாம், இரண்டு போதும். போட்டிக்கு அனுப்புகிறவருக்குப் பத்தும் வேண்டும்.

அப்புறம் அந்த 1 நிமிடம் 12 வினாடி. உதடு தெரியாதபடி முதுகுப்புறக் காட்சி ஒன்றை அங்கே வைத்தேன். பெருமை தாங்காமல் அதே நபருக்குத் திரும்ப அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "எங்கே மாற்றினீர்கள் என்று தேடிக்கொண்டேதான் பார்த்தேன், பாட்டு காதிலேயே விழவில்லை. வேறு யாரிடமாவது காட்டுங்கள்."

வணக்கம்.