ஆழ்கடல் பவளங்களின் பேறுகாலம்

நேயர்களுக்கு வணக்கம்.

திசையன்விளை, உவரிப் பக்கத்துப் பனங்காடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அலகுப்பனை, அது பருவப்பனை என்று பனையேறிகள் பாளையைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அலகுப்பனையின் பூந்தாது எப்படியாவது பருவப்பனையின் பாளையைச் சென்று சேர்ந்தால்தான் நுங்கு உண்டு. நின்ற இடத்தை விட்டு ஓரடி நகர முடியாத இரண்டு உயிர்கள், நடுவே இருக்கும் வெளியை நம்பி இனம் பெருக்குகின்றன. நான் இன்று பேச வந்திருக்கும் ஆழ்கடல் பவளங்களில் பெரும்பாலானவையும் இப்படிப்பட்டவையே. அவற்றின் நடுவே தூது போவது கடலின் நீரோட்டம். நம் கரையோர மீனவர்கள் நீவாடு என்கிறார்களே, அதுதான்.

பவளம் ஒரு விலங்கு என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கல்லால் ஆன சிறு கிண்ணம் ஒன்றில் பூப்போல உட்கார்ந்து, வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் இரை பிடிக்கும் மெல்லிய உடல் அது. அந்த ஓர் உடலைப் பாலிப் என்கிறோம்; ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டிப் பிறந்து கூடி வாழ்வதே நம் கண்ணில் படும் பவளக்கொத்து. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காரைச்சல்லித் தீவு ஆகியவற்றைச் சுற்றியுள்ள பவளங்கள் வெயில் எட்டும் ஆழத்தில் வாழ்கின்றன; அவற்றின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு சமைத்துக் கொடுக்கின்றன. 200 மீட்டருக்குக் கீழே, வெளிச்சம் அற்றுப்போகும் ஆழத்தில் அந்த வசதி கிடையாது. மேலேயிருந்து உதிர்ந்து வரும் இறந்த பாசித் துகளையும், நீரோட்டம் கொண்டுவரும் சிற்றுயிர்களையும் பிடித்துத் தின்றே அங்குள்ள பவளம் காலம் தள்ள வேண்டும். அதன் பிள்ளைப்பேறு முழுவதையும் தீர்மானிப்பது இந்த வறுமைதான் என்பது என் கருத்து.

ஆழமற்ற கடலின் பவளங்கள் பலவற்றில் ஒரே பாலிப் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் 1981ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய காட்சியைக் கண்டார்கள்: முழுநிலவு கழிந்த சில இரவுகளில், பல இனப் பவளங்கள் ஒன்றுசேர்ந்து முட்டையையும் விந்தையும் சிறு சிறு உருண்டைகளாகக் கடலில் விட்டன. நிலவும் நீரின் வெப்பமும் சூரியன் மறையும் நேரமும் அவற்றுக்கு நாள் குறித்துக் கொடுக்கின்றன. நிலவொளியே எட்டாத இடத்தில் நாள் குறிப்பது யார்?

லோபீலியா என்னும் பவளத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஆழ்கடல் பவளங்களில் அதிகமாக ஆராயப்பட்டது அதுவே. நார்வே நாட்டின் லோபோட்டன் தீவுகளுக்கு மேற்கே 2002இல் கண்டறியப்பட்ட ரோஸ்ட் பவளத்திட்டு, 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. இந்த இனத்தில் ஒரு கொத்து முழுவதும் ஆண், இன்னொரு கொத்து முழுவதும் பெண். அயர்லாந்துக்குத் தென்மேற்கே எடுத்த பெண் கொத்துகளை ஆராய்ந்தபோது, ஒரு பாலிப்புக்குச் சராசரியாக 3,000க்கும் மேற்பட்ட முட்டைகள் இருந்தன. கோடையில் வளரத் தொடங்கிய முட்டைகள், ஜனவரி, பிப்ரவரி வாக்கில் முதிர்ந்து வெளியேறின. அந்தக் கடலில் இளவேனிலில் மேற்பரப்பில் பாசி பெருகி, செத்து, கோடையில் அடியில் வந்து விழுகிறது. அதாவது, சோறு வந்த பின்பு முட்டை கட்டத் தொடங்குகிறது. அதே லோபீலியா, அமெரிக்காவுக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் இலையுதிர்காலத்திலேயே முட்டை விட்டுவிடுகிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்துக் காருக்கும் பிசானத்துக்கும் நாற்றுப் பாவுகிற தாமிரபரணிக் கரை விவசாயிக்கு இதில் வியப்பு இருக்காது. விதை ஒன்றாக இருந்தாலும், எப்போது விதைப்பது என்பதை வந்து சேரும் வரத்துதான் முடிவு செய்கிறது.

எல்லா இனமும் இப்படி ஆண்டுக் கணக்கு வைத்திருப்பதில்லை. அலாஸ்காவின் குளிர்ந்த கடல்களில் வாழும் பிரிம்னோவா என்னும் பவள இனத்தில் ஒரு முட்டை முதிர ஓராண்டுக்கும் மேல் ஆகிறது.

இனி அந்த முட்டையைப் பின்தொடர்ந்து போவோம். லோபீலியாவின் முட்டை, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். ஆய்வகத்தில் குளிர்நீர்த் தொட்டிகளில் வைத்துக் காத்திருந்தவர்கள் இதன் வளர்ச்சியை நாள்நாளாகக் குறித்திருக்கிறார்கள். கருவுற்ற முட்டை ஐந்து நாள் வாக்கில் உடல் முழுவதும் நுண்மயிர் மூடிய பிளானுலா என்னும் இளவுயிரியாகி நீந்தத் தொடங்குகிறது. நொடிக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வேகம், அதுவும் மேல்நோக்கி. விடாமல் நீந்தினால் ஒரு நாளில் 40 மீட்டர் ஏறிவிடலாம். இருட்டில் பிறந்த குஞ்சு, அடியிலேயே ஓர் இடம் பார்த்துக்கொள்ளாமல் மேலே ஏறுவது ஏன்? மேலே ஏற ஏற இரை அதிகம், நீரோட்டமும் வேகம். மூன்று வாரமானதும் அதற்கு வாய் திறக்கிறது. ஒரு மாத வாக்கில் கொட்டும் செல்கள் தயாராகின்றன. அதன்பின் அது கீழே இறங்கித் தரையைத் தடவிப் பார்க்கத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் சில இளவுயிரிகள் ஏறத்தாழ ஓராண்டு வரை இடம் பிடிக்காமலேயே உயிரோடு இருந்திருக்கின்றன. அத்தனை காலமும் நீவாட்டில் மிதந்தால் அவை போய்ச் சேரும் தொலைவை எண்ணிப் பாருங்கள்.

சேர்ந்த இடம் சேறாக இருந்தால் அந்தப் பயணம் முழுவதும் வீண். ஒட்டிக்கொள்ளப் பாறையோ, கெட்டியான கல்லோ வேண்டும். ஆழ்கடல் தரையில் அது அரிது. அதனால் முன்னோர் விட்டுச்சென்ற கல் எலும்புக்கூடே பல வேளைகளில் பிள்ளைக்கு நிலமாகிறது.

நம் வீடுகளில் இருக்கும் பவளமாலையின் கதை வேறு. அது மத்தியதரைக் கடலின் செம்பவளம்; கரையோரக் குகைகளிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் வரை வாழ்கிறது. கொற்கை முத்து மேற்கே போன காலத்திலேயே அந்தப் பவளம் இந்தியாவின் மேலைக் கடற்கரைத் துறைமுகங்களில் வந்து இறங்கியிருக்கிறது. ரோமர்கள் முத்தை மதிப்பதுபோல் இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அதிலும் ஆண் கொத்து, பெண் கொத்து தனித்தனி. ஆனால் பெண் முட்டையை வெளியே விடுவதில்லை. ஆண் விட்ட விந்து நீரில் வந்து பெண் பாலிப்புக்குள் நுழைய, கரு அங்கேயே சில வாரம் வளர்ந்து, கோடையில் இளவுயிரியாக வெளிவருகிறது. என் ஆச்சியின் மாலையில் இருந்த மணி ஒன்றை அளந்து பார்த்தேன். எட்டு மில்லிமீட்டர் கனம். அந்தப் பவளத்தண்டு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பெருப்பதில்லை. ஆச்சியின் கழுத்துக்கு வருமுன் அந்த ஒரு மணிக்கே கடலில் 16 வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

விந்தும் முட்டையும் இல்லாமல் பெருகும் வழியும் இவற்றுக்கு உண்டு. ஒரு பாலிப்பின் விளிம்பில் இன்னொன்று அரும்பி, கொத்து கிளைத்துக்கொண்டே போகும். ஒடிந்து விழுந்த கிளை, உயிர் இருந்தால் விழுந்த இடத்திலேயே வளரும். வாழைக்குப் பக்கக்கன்று போல இது எளிய வழிதான். ஆனால் கன்றெல்லாம் தாயின் அதே உடல், தாயைத் தாக்கும் நோய் கன்றையும் தாக்கும். ஒரே கொத்திலிருந்து பிரிந்த நூறு கொத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், அவை அனைத்தும் ஆணாகவே இருந்தால் அங்கே ஒரு கருகூட உருவாகாது.

ஹவாய்த் தீவுகளுக்கு அருகே ஆழத்தில் எடுத்த கருப்புப் பவளம் ஒன்றுக்கு 4,200 வயதுக்கு மேல் என்று கதிரியக்கக் கரிம முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு நெடிய ஆயுளுக்கு ஒரு பொருள் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஆண்டுதோறும் விடும் முட்டைகள் வீணாகிப் போனாலும், சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பிள்ளை நிலைத்துவிட்டால் வம்சம் அற்றுப்போகாது. தாய் உயிரோடு நிற்கும்வரை அந்தக் கணக்கு செல்லும்.

அந்தக் கணக்கை உடைப்பது, கடலடியை வாரி இழுத்துச் செல்லும் மீன்வலையான இழுவை மடி. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே 1,000 மீட்டர் ஆழத்தில் டார்வின் மேடுகள் என்னும் பவள மேடுகள் 1998இல் கண்டறியப்பட்டன. சில ஆண்டுகளுக்குள்ளாகவே கிழக்குப் பகுதி மேடுகளில் மடிகள் உழுதிருந்தன. அங்கிருந்து எடுத்த லோபீலியாவில் பல ஒரே உடலின் கன்றுகளாக இருந்தன. முட்டையோ விந்தோ காணக் கிடைக்கவில்லை. 2003இல் அங்கு மடி இழுப்பது தடை செய்யப்பட்டது. எட்டு ஆண்டு கழித்து, 2011இல் ஆய்வாளர்கள் மறுபடி போய்ப் பார்த்தபோது, மடி அதிகம் படாத மேற்குப் பகுதியில் பவளம் முன்போலவே உயிரோடு இருந்தது. கிழக்கே நொறுங்கிக் கிடந்த கற்குவியலின் மேல் புதிதாக ஒரு பவளமும் வந்து ஒட்டியிருக்கவில்லை.

நன்றி. வணக்கம்.