ஓட்டியவரை விடுங்கள், வைத்திருந்தவரைத் தேடுங்கள்

(பழைய வாகன ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் ஒருவர் அரை கிரவுண்ட் நிலம் வாங்கப் போனாலும் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார். அமெரிக்காவின் மண் தடங்களில் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஸ்பிரிண்ட் காரை இன்று வாங்குகிறவருக்கும் இதே கேள்விகள்தாம். ஆனால், போய்க் கேட்க அங்கே பதிவு அலுவலகம் எதுவும் கிடையாது. அந்தக் கார்கள் பொதுச் சாலையில் ஓடியவை அல்ல என்பதால் அரசாங்கம் அவற்றுக்கு எண் கொடுக்கவில்லை. பெரும்பாலானவை சிறு பட்டறைகளில் ஒவ்வொன்றாகக் கையால் கட்டப்பட்டவை; ஆகவே சேஸிஸ் எண்ணும் இருக்காது. விற்றவர் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு டிரெய்லரை அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தாலே பாக்கியம். அப்படிப்பட்ட காரின் வரலாற்றை எப்படி மீட்பது என்பதே இன்றைய பேச்சு.

ஸ்பிரிண்ட் காரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே இருக்கை. சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு கிடையாது. ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னாலிருந்து வேறொரு வண்டி தள்ளித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வால் பகுதியில் எரிபொருள் தொட்டி. இதை வைத்துக்கொண்டு அரை மைல் மண் தடத்தில் வளைவுக்கு வளைவு பக்கவாட்டில் சறுக்கியபடி பறப்பார்கள். அந்தத் தடங்களில் பல, மாவட்டக் கண்காட்சிகளில் குதிரைப் பந்தயத்துக்காகப் போடப்பட்டவை. 1933இல் மிட்ஜெட் என்ற குட்டிக் கார்ப் பந்தயம் வந்த பிறகு, இவற்றைப் 'பிக் கார்' என்றே எழுதினார்கள். பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இனி, நான் வற்புறுத்திச் சொல்ல வந்த விஷயம். ஒரு பழைய ஸ்பிரிண்ட் கார் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'இதை ஓட்டியவர் யார்?' என்பது. ஏ.ஜே. ஃபாய்ட், மரியோ ஆண்ட்ரெட்டி போன்ற புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர்கள் உட்கார்ந்திருப்பார்களா என்று மனம் அலைபாய்கிறது. இருவரும் ஸ்பிரிண்ட் கார்களில் வளர்ந்தவர்கள்தாம், ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்வியில் தொடங்கினால் ஆராய்ச்சி கெட்டுவிடும். அன்றைய ஓட்டுநர் நாடோடி. சனிக்கிழமை ஒரு கார், ஞாயிற்றுக்கிழமை வேறு மாநிலத்தில் வேறு கார். இருக்கை காலியாக இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்வார். கார் அவரோடு போகாது. உரிமையாளரின் கொட்டகைக்குத்தான் திரும்பும். ஆகவே உரிமையாளரைத் தேடுங்கள். அதுவும் இன்று காரை வைத்திருப்பவரிடம் தொடங்கி, ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போங்கள். பழங்காலத்திலிருந்து முன்னோக்கி வருகிறவர்கள் தாங்கள் விரும்பிய இடத்தில் போய் நிற்பார்கள்.

இதற்கு விலக்கு டெட் ஹார்ன் போன்ற சிலர். 1946, 1947, 1948 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியச் சாம்பியனானவர் அவர். நியூ ஜெர்சி மாநிலம் பேட்டர்சனில், 'கேசலின் ஆலி' என்று அழைக்கப்பட்ட பந்தயக் கொட்டகை வரிசையில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. காரின் சொந்தக்காரரும் அவரே, அதை ஓட்டியவரும் அவரே. 1948 அக்டோபரில் இல்லினாய் மாநிலத்தின் டூ குவாய்ன் தடத்தில் அவர் இறந்தார். இப்படிப்பட்டவர்களின் கார்களுக்கு, அவர்கள் காலம் வரையிலாவது, உரிமை வரலாறு நேராக வந்து சேரும். மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

காரின் எண்ணை நம்பிப் போகலாமே என்று தோன்றும். அதுதான் பெரிய பள்ளம். ஜே.சி. அகஜேனியனின் 98ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் கௌபாய் தொப்பியோடு காட்சி தருபவர். கலிபோர்னியாவின் முக்கியமான பந்தய அமைப்பாளர். பல பத்தாண்டுகளாகத் தம் கார்களுக்கு 98 என்றே எழுதினார். 1952இல் டிராய் ரட்மன் இண்டியானாபொலிஸ் 500 என்ற 500 மைல் பந்தயத்தை வென்ற காரும் 98தான். 1963இல் அதே பந்தயத்தைப் பார்னெலி ஜோன்ஸ் வென்ற காரும் 98தான். இரண்டும் வேறு வேறு கார்கள். ஆக, எண் உரிமையாளருக்குச் சொந்தம், காருக்குச் சொந்தமில்லை. சாம்பியன் ஆனவர் மறுவருடம் 1 என்று எழுதிக்கொள்வார். அதனால் ஒரே காருக்கு வருடத்துக்கு ஒரு எண் வருவதும் உண்டு.

எஞ்சின் எண்ணும் இப்படியே ஏமாற்றும். அந்தக் காலத்தின் சிறந்த எஞ்சின் ஆஃபென்ஹவுசர். தடத்தில் 'ஆஃபி' என்பார்கள். பந்தய எஞ்சின்கள் கட்டிய ஹாரி மில்லரின் தொழில் 1933இல் திவாலான பிறகு, அவரிடம் வேலை பார்த்த ஃபிரெட் ஆஃபென்ஹவுசர் அதை எடுத்து நடத்தினார். 1946இல் லூயிஸ் மெயரும் டேல் டிரேக்கும் வாங்கினார்கள். ஸ்பிரிண்ட் கார்களில் விரும்பிப் பொருத்திய 220 கன அங்குல ஆஃபி நம் கணக்கில் சுமார் 3.6 லிட்டர்; நான்கே சிலிண்டர். எஞ்சினில் எண் பொறித்திருக்கும். ஆனால் விலை உயர்ந்த சரக்கு அதுதான் என்பதால், காரை விற்கும்போது எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொள்வது சர்வ சாதாரணம். எஞ்சின் ஒரு வழி போகும், உடல் ஒரு வழி போகும். 1955இல் ஷெவர்லே தன் சிறிய வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த மலிவான எஞ்சின் ஆஃபியை ஸ்பிரிண்ட் காரிலிருந்து வெளியேற்றிவிட்டது. பழைய கார்களின் வயிற்றை அறுத்து அதைப் பொருத்தினார்கள். இன்று ஒரு காரில் ஆஃபி இருக்கிறது என்றால், அது என்றைக்கு வந்தது என்று கேட்காமல் நகரக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? இரும்பை நம்பலாம், படிக்கத் தெரிந்தால்.

பிரேமைக் கீழே வைத்து எஞ்சின் தாங்கிகள் இருந்த இடத்தைப் பாருங்கள். ஆஃபி ஒடுங்கி நீண்டது. வி8 குட்டையாக அகன்றது. இரண்டுக்கும் தாங்கிகள் ஒரே இடத்தில் உட்கார முடியாது. பழைய தாங்கியை அறுத்துத் தேய்த்த தழும்பு குழாயில் இருக்கும். விரலால் தடவினால் மேடு தெரியும். இரண்டு தழும்புகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால் முதலில் எந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது என்று ஊகிக்கலாம். ஆஃபிக்குப் புகைக்குழாய் ஒரு பக்கம்தான். வி8க்கு இரு பக்கமும். பக்கத் தகட்டில் ஒட்டுப்போட்ட ஓட்டை எந்தப் பக்கம் என்பதும் ஒரு சாட்சி. 1930களின் கார் என்றால், பிரேம் நீளத்தண்டு சாதாரண ஃபோர்டு, ஷெவர்லே, எஸ்ஸெக்ஸ் காரிலிருந்து எடுத்ததாகவே இருக்கக்கூடும். அதில் பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத ரிவெட் துளைகள் வரிசையாகத் தென்படும். அவற்றை அடைத்துவிடாதீர்கள்.

பெயின்ட்டில் கை வைப்பதற்கு முன் இன்னும் பொறுமை வேண்டும். மணலைப் பீய்ச்சி ஒரே மணி நேரத்தில் பளிச்சென்று ஆக்கிவிடலாம். அதோடு காரின் பாதிச் சரித்திரமும் தரையில் தூசியாகிவிடும். மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வாலில் எண் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வட்டமாகத் தேயுங்கள். மேலே சிவப்பு, அதன் கீழே மஞ்சள், பட்டி பூசிய சாம்பல், அதற்கும் கீழே கருநீலத்தில் ஒரு வெள்ளை வளைவு. அந்த வளைவு 6 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அதைப் படம் எடுத்து, அளந்து, எழுதி வையுங்கள். அதன் பிறகுதான் பழைய புகைப்படங்களைத் தேடிப் போக வேண்டும்.

புகைப்படத்தைப் பார்க்கும்போதும் எண்ணிலிருந்து கண்ணை எடுத்துவிடுங்கள். ரிவெட்டுகளின் இடைவெளி, காற்றோட்டக் கீற்றுகளின் எண்ணிக்கை, பிரேம் முனை வளையும் விதம், முன் அச்சைப் பிடிக்கும் தண்டு பொருந்தும் இடம், இவையெல்லாம் எளிதில் மாறாதவை. பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஹைரம் ஹிலேகஸ் போன்றவர்கள் கட்டிய கார்களைப் பழகிய கண்கள் கைவேலையை வைத்தே அடையாளம் காண்கின்றன. படத்தின் பின்பக்கத்தில் முத்திரை இருந்தால், அது படம் எடுத்த தேதியா, பத்திரிகையில் அச்சான தேதியா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையில் கார் கைமாறியிருக்கலாம்.

காகிதச் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பந்தய நாளில் விற்ற நிகழ்ச்சி நிரல் புத்தகம். அச்சிட்ட பட்டியல் சில நாட்களுக்கு முன்பே தயாரானது; வருவதாகச் சொன்னவர்களின் பட்டியல் அது. வந்தவர்களின் பட்டியல் எங்கே இருக்கிறது? புத்தகம் வாங்கிய ரசிகர் பென்சிலால் அடித்துத் திருத்திய வரிகளில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் கேட்டபடி ஓட்டுநர் பெயரை அடித்து வேறு பெயர் எழுதியிருப்பார். ஓரத்தில் 'எஞ்சின் போச்சு' என்று குறித்திருப்பார். பழைய புத்தகம் விற்பவர்கள் கிறுக்கல் இல்லாத பிரதிக்கே கூடுதல் விலை கேட்கிறார்கள். நான் கிறுக்கிய பிரதிக்குத்தான் காசு கொடுப்பேன். 1934இல் தொடங்கி, பின்னர் 'நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ்' என்று பெயர் பெற்ற வாரப் பத்திரிகையின் முடிவுப் பட்டியல்களோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அச்சில் இருப்பது எல்லாம் உண்மை என்று எண்ணிவிடாதீர்கள். மத்திய மேற்கு மாநிலங்களின் கண்காட்சிப் பந்தயங்களை நடத்திய ஐ.எம்.சி.ஏ. அமைப்பில், ஆரம்ப காலத்தில் பந்தயமும் காட்சியும் கலந்தே இருந்தன. அந்த அமைப்பின் நட்சத்திரமான சிக் ஹாக்டால் 1922இல் டேடோனா கடற்கரையில் மணிக்கு 180 மைல் போனதாக அறிவித்தார்கள், அன்று தேசியச் சாம்பியன் போட்டியை நடத்திய அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏ.ஏ.ஏ. அதை ஏற்கவே இல்லை. ஜோயி சிட்வுட் என்ற நல்ல ஓட்டுநரைச் செரோக்கிப் பழங்குடியினர் என்று விளம்பரம் செய்தார்கள். அவருக்கும் அந்த வம்சத்துக்கும் தொடர்பில்லை. ஏ.ஏ.ஏ. தன் ஓட்டுநர்கள் வேறு அமைப்புகளின் பந்தயத்தில் கலந்துகொண்டால் தடை போட்டது. அதனால் பொய்ப் பெயரில் ஓட்டியவர்களும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காகச் சொன்ன பொய் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் கார் நம் கையை விட்டுப் போய்விடும்.

பிறகு போர். 1942 ஜூலை 31ஆம் தேதியோடு அமெரிக்காவில் கார்ப் பந்தயமே நிறுத்தப்பட்டது. 1945இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பழைய இரும்பும் அலுமினியமும் போர்த் தேவைக்குத் திரட்டப்பட்டன. பந்தயம் இல்லாததால் முடிவுப் பட்டியலும் இல்லை. 1941இல் ஒருவரிடம் இருந்த கார் 1946இல் இன்னொருவரிடம் இருந்தால், அது அதே கார்தானா என்பதை இரும்பு மட்டுமே சொல்லும்.

வருத்தமான ஒரு பகுதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1966 ஜூனில் பென்சில்வேனியாவின் ரெடிங் தடத்தில் ஒரே விபத்தில் ஜட் லார்சனும் ரெட் ரீகலும் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் ஆஸ்காட் பார்க்கில், மறுபடியும் ஒரே விபத்தில் டான் பிரான்சனும் டிக் அட்கின்ஸும் இறந்தார்கள். அன்று ஓட்டுநரின் தலைக்கு மேல் இரும்புக் கூண்டு இல்லை. அது கட்டாயமானது 1970களின் தொடக்கத்தில்தான். உயிர் போன கார்களையும் நிமிர்த்தி, வேறு பெயின்ட் அடித்து, தொலைவில் விற்றுவிடும் வழக்கம் இருந்தது. வாங்கியவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் பேச மாட்டார். விலை குறைந்துவிடும் என்று இன்றும் இதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். ஒரு மனிதர் கடைசியாக உட்கார்ந்த இருக்கை அது. காரின் வரலாற்றுக் கோப்பின் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்க வேண்டும்.

இத்தனை முறை வெட்டி ஒட்டிய பிறகு அது அதே கார்தானா? இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஸ்பிரிண்ட் கார் அல்ல. இங்கிலாந்தின் 'ஓல்ட் நம்பர் ஒன்' பென்ட்லி. 1929, 1930 இரண்டு ஆண்டுகளும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். 1932இல் பெரிய எஞ்சினோடு இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு வேறு உடல் கட்டப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, சுமார் ஒரு கோடி பவுண்டுக்குப் பேசிய விற்பனை தகராறாகி 1990இல் லண்டனில் வழக்கு நடந்தது. ஆதி இரும்பு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. ஆனாலும் நீதிபதி ஆட்டன், அது ஒரு நாளும் மொத்தமாக மறைந்துபோய் வேறொன்று அதன் இடத்துக்கு வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாறியே வந்தது, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு காரும் இல்லை என்று கண்டு விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். கைமாறிய தொடர் அறுபடவில்லை என்பதே அங்கே எடுபட்டது. ஸ்பிரிண்ட் கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில்லில், 1961 முதல் தேசியப் போட்டி நடக்கும் தடத்தை ஒட்டி ஸ்பிரிண்ட் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, 1992இல் திறந்தது. பென்சில்வேனியாவின் யார்க் ஸ்பிரிங்ஸிலும் ஒன்று உண்டு. அங்கே பழைய கார்களை ஓட்டவும் செய்கிறார்கள். பெரிய பெயர்களின் கார்கள் இப்படிப்பட்ட இடங்களில் பத்திரமாக இருக்கும். எனக்குக் கவலை, விவசாயமோ மெக்கானிக் கடையோ வைத்திருந்துகொண்டு, வருமானத்தையெல்லாம் ஒரு காரில் கொட்டிய உரிமையாளர்களைப் பற்றியது. அவர்கள் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. அவர்கள் வீட்டுப் பரணில் டயர் வாங்கிய ரசீதும், பந்தயப் பரிசுப்பணத்தைக் குறித்த நோட்டும் இருக்கலாம். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

உரை முடிந்ததும் ஓர் இளைஞர் கேட்டார்: '1962இல் கட்டிய காரில் 1971இல் கூண்டு பற்றவைத்திருக்கிறார்கள். பழைய நிலைக்குக் கொண்டுவர அதை அறுத்து எடுக்கலாமா?'

நான் சொன்ன பதில்: 1962இல் அந்தக் கார் எப்படி இருந்தது, அப்போது யாரிடம் இருந்தது என்பதற்குப் படமும் பெயரும் கையில் இருக்கிறதா? இருந்தால் யோசிக்கலாம், அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பற்றவைப்பையும் படம் எடுங்கள், அறுத்த கூண்டையும் காரோடு வைத்திருங்கள். இல்லையென்றால் கூண்டு இருக்கட்டும். அதைப் பற்றவைத்தவரும் அந்தக் காரின் சொந்தக்காரர்களில் ஒருவர்தான். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் உறுதியான சான்று அவருடைய வேலை மட்டுமே.