பின்சக்கரத்தைப் பார்த்தபடி

எல்லோருக்கும் வணக்கம்.

சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என் கதை அம்மா ஓட்டிய சைக்கிளில்தான் தொடங்குகிறது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

1990களின் தொடக்கம். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்த காலம். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த கையோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குத் துணையாக நின்றார். அங்கன்வாடியில் வேலை செய்கிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், நர்சுகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அம்மாவும் அப்படித்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு சைக்கிளில் கோயில் திடலைச் சுற்றுவார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது பத்து வயதுப் பெண்ணான நான். “விட்டுடாதடி, விட்டுடாத” என்று சொல்லிக்கொண்டே மிதிப்பார். நாலாம் நாள் சாயங்காலம் விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது. புழுதியில் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்த பின்சக்கரத் தடம், கொஞ்ச தூரத்தில் நேராகிவிட்டது. அந்தத் தடம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

முப்பது வருஷம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் முதல் பந்தயம். அப்போதும் முன்னால் போகிறவருடைய பின்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோடு ரேஸ் என்றால் யாருக்குக் காலில் பலம் அதிகமோ அவர் ஜெயிப்பார் என்று நினைத்திருந்தேன். உள்ளே போன பிறகுதான் காற்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். ஆனால் முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் சக்கரத்துக்கு ஓர் அடி பின்னால் ஒட்டிப் போனால், நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதற்கு ஒரு விலையும் உண்டு. என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால், விழுவது பெரும்பாலும் நான்தான். அவர் திடீரென்று பிரேக் பிடிக்க மாட்டார், பள்ளம் வந்தால் கையைக் காட்டுவார் என்று நம்பித்தான் போக வேண்டும். பேர்கூடத் தெரியாத ஒரு பெண்ணை அந்த அளவுக்கு நான் அதற்கு முன் நம்பியதில்லை.

அன்றைக்குப் பெண்கள் பிரிவில் பதினோரு பேர். தை மாதம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போய்த் திரும்பி வரும் பாதை. போகும்போது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். திரும்பியதும் பேச்சு நின்றது. அந்த மாதத்தில் வடகிழக்குக் காற்று என்பதால், வடக்கே வரும் வழி முழுக்க எதிர்காற்று. நாலு பேர் ஒன்று சேர்ந்தோம். ஒருவர் ஒரு நிமிஷம் முன்னால் நின்று காற்றை வாங்குவார். அப்புறம் முழங்கையை ஒரு வெட்டு வெட்டுவார். “நீ வா” என்று அர்த்தம். அவர் ஒதுங்கிப் பின்னால் வர, அடுத்தவர் முன்னால் போவார்.

முன்னால் நிற்கும் நிமிஷத்தைவிடக் கஷ்டமானது, ஒதுங்கிக் கடைசிச் சக்கரத்தைப் பிடிக்கும் அந்த நாலைந்து விநாடி. மூச்சு முட்டும், காலைத் தளர்த்தச் சொல்லும் உடம்பு. முடிவுக் கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது தளர்த்திவிட்டேன். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. அது இரண்டானது, அப்புறம் பத்து. அதற்கு மேல் எட்ட முடியாது. சவுக்குத் தோப்புகளின் இரைச்சலைக் கேட்டபடி தனியாகவே ஓட்டி ஆறாவதாக வந்து சேர்ந்தேன். தண்ணீர் பாட்டிலோடு அந்த மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடாவை நினைத்துக்கொண்டேன். 1924இல் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் ஆண்களோடு ஓட்டிய பெண். 3,600 கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்ட 90 பேரில் முடித்தவர்கள் 30 பேர்தான். ஒருநாள் ஹேண்டில்பார் உடைந்துபோக, துடைப்பக் கம்பைச் செருகிக்கொண்டு ஓட்டினார். நேரம் தவறியதால் அவர் பெயரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடைசி நாள் வரை ஓட்டி மிலான் வந்து சேர்ந்தார். பின்னால் ஒட்டிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் எத்தனை மணி நேரம் தனியாக ஓட்டியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என் சைக்கிளுக்கு வருகிறேன். பந்தயத்தை விட்டுவிட்ட ஒருவரிடம் வாங்கிய பழைய இரும்பு ஃபிரேம். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு எதுவும் கிடையாது. ஒன்பதரைக் கிலோ எடை. சர்வதேசப் பந்தய விதிப்படி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது, அந்த எடையில் கார்பன் சைக்கிளும் கிடைக்கிறது. எனக்கு அதில் ஆசை வரவில்லை. இதன் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. செயின் காய்ந்தால் ஒரு மாதிரி கிறீச்சிடும், பால்ரஸ் தேய்ந்தால் பெடல் வழியாகப் பாதத்துக்கே தெரியும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டி முடித்ததும் டயரைத் துடைத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பேன். நம் நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்த லாரி டயர்களின் துண்டுகள் கிடக்குமே, அவற்றுக்குள் முடி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பிகள் உண்டு. அதில் ஒன்று குத்தினால் அப்போதே தெரியாது. மறுநாள் காற்று இறங்கியிருக்கும். டியூபை மாற்றினாலும் கம்பி டயரிலேயே இருந்து மறுபடி குத்தும். விரலால் தடவினால் சிக்காது. ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உள்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது கம்பி. நகவெட்டியால் பிடித்து இழுத்தால் எள்ளளவு துண்டு வெளியே வரும். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வரும் நிம்மதி, உங்களில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

போன ஆயுத பூஜைக்கு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சைக்கிளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அந்தக் காலத்து வாடகை சைக்கிள் 20 கிலோவுக்குக் குறையாது. அப்புறம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கேரியர் எங்கடி? கத்துக்கும்போது உன்னை எதைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க?” என்று கேட்டார். அந்த நாலாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எனக்குத் தெரியும். உன் காலடிச் சத்தம் நின்னுபோச்சே” என்றார்.

இந்த அரங்கில் நிறையப் பெண்கள் இருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்புகிறோம். முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவோம். எந்த சைக்கிளாக இருந்தாலும் சரி, ஹெல்மெட்டும் பின்விளக்கும் கட்டாயம். டயரில் காற்றை மட்டும் முந்தின ராத்திரியே பார்த்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பின்னால் நான் வருவேன்.

வணக்கம்.