பூட்டிய கதவும் ஒரு திறப்பும்: அணுமின் நிலையத்தின் உயர் கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும் முறை

[காட்சி: காலை நேரம், கல்முனை பஸ் நிலையம். பயணப் பையோடு நிற்கும் இளைஞர்கள்.]

குரல்: இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து சாரம் கட்டவும் வெல்டிங் செய்யவும் வளைகுடாவுக்குப் போகிற ஆட்கள் நிறைய. அபுதாபியின் பரக்கா நிலையத்தில் 2024இலிருந்து நான்கு உலைகளும் ஓடுகின்றன. எரிபொருள் மாற்றுவதற்கு உலையை நிறுத்தும் காலத்தில்தான் எந்த நிலையத்திலும் வெளியாட்களின் வேலை கூடும். அப்படியொரு தளத்தில் "உயர் கதிர்வீச்சுப் பகுதி" என்ற மஞ்சள் பலகைக்கு முன்னால் நிற்க நேர்ந்தால் என்ன நடக்கும், என்ன நடக்கக் கூடாது என்பதைத்தான் இப்போது பார்க்கிறோம்.

[காட்சி: மஞ்சள் பலகை, அதில் மூன்று இதழ்க் குறி.]

குரல்: கீழே வருபவை அமெரிக்க ஒழுங்குமுறையின் இலக்கங்கள். பெயரும் எல்லையும் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே போகும் தளத்தின் இலக்கத்தைப் பயிற்சி வகுப்பிலேயே கேட்டு வையுங்கள்.

கதிர்வீச்சு வரும் பொருளிலிருந்து 30 சென்ரிமீற்றரில் ஒரு மணித்தியாலத்துக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் அது உயர் கதிர்வீச்சுப் பகுதி. மில்லிசீவர்ட் என்பது ஆளுக்குப் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. அதே தூரத்தில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் கதவு பூட்டியே இருக்க வேண்டும். 1 மீற்றரில் மணித்தியாலத்துக்கு 5 கிரேயைத் தாண்டினால் மிக உயர் பகுதி. கிரே என்பது உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு, மில்லிசீவர்ட்டைவிட மிகப் பெரியது. முழு உடம்பிலும் 4 கிரே அளவு பட்டு வைத்தியம் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் பிழைப்பதில்லை. அந்த அறையில் ஒரு மணித்தியாலம்கூடத் தேவையில்லை.

வேலையாளுக்கான சர்வதேச எல்லை, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். மணித்தியாலத்துக்கு 10 மில்லிசீவர்ட் வீதமுள்ள இடத்தில் அது இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும்.

[காட்சி: இருட்டு அறையில் ஒரு குப்பி விளக்கு. கை கிட்டப் போகிறது, தள்ளிப் போகிறது.]

குரல்: குப்பி விளக்கைப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். குழாயில் கதிர்வீச்சு குவிந்த சின்னப் புள்ளி ஒன்று, 30 சென்ரிமீற்றரில் 10 மில்லிசீவர்ட் என்று வையுங்கள். 3 மீற்றர் தள்ளிக் கதவடியில் நின்று பார்த்தால் கதிர்வீச்சு அளக்கும் கருவி 0.1தான் காட்டும். "ஒன்றுமில்லையே" என்று உள்ளே போய் அந்தக் குழாயில் முதுகைச் சாய்த்தால், கதவடியில் கண்டதைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அதனால்தான் வாசலில் எடுத்த அளவை வைத்து யாரும் உள்ளே விடுவதில்லை. அறைக்குள் இடத்துக்கிடம் அளந்து வரைந்த வரைபடம் வேண்டும், அதுவும் அன்றைய நிலைமையைக் காட்டுவதாக.

[காட்சி: திறப்புப் பெட்டி. ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்.]

குரல்: இனி கதவு. இந்தப் பூட்டின் திறப்பு உங்கள் போர்மனிடம் இருக்காது. ஷிப்ட் பொறுப்பாளரிடமோ கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவிடமோதான் இருக்கும். வேலை அனுமதித் தாளில் உங்கள் பெயர், என்ன வேலை, எந்த மூலை, எவ்வளவு நேரம் என்று இருக்கும். போகும் பாதையையும், காத்து நிற்க வேண்டிய குறைந்த வீத இடத்தையும் காட்டித் தருவார்கள்.

நெஞ்சில் அலாரமுள்ள டோசிமீற்றர், அதாவது நீங்கள் வாங்கும் கதிர்வீச்சைக் கணக்கிடும் சிறு கருவி. அதில் இரண்டு இலக்கம் வைப்பார்கள்: சேர்ந்த அளவுக்கு ஒன்று, வீதத்துக்கு ஒன்று. எடுத்துக்காட்டாக 0.5 மில்லிசீவர்ட்டும், மணித்தியாலத்துக்கு 3 மில்லிசீவர்ட்டும். வேலை இடத்தில் 2 இருந்தால் பதினைந்து நிமிடத்தில் முதல் அலாரம் அடிக்கும். இரண்டாவது அலாரம் அடித்தால் வரைபடத்தில் இல்லாத ஒன்று உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. கையிலுள்ள கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள், காரணத்தை வெளியே நின்று தேடலாம்.

கதவு திறந்திருக்கும்வரை வாசலில் ஒருவர் நிற்பார். ஒழுங்குவிதி கேட்பது ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு நுழைவையும் கட்டுப்படுத்துவதை. நண்பன் போனான் என்று அவன் பின்னால் நுழைந்தவருக்கு அனுமதித் தாளும் இல்லை, வரைபட விளக்கமும் இல்லை. எங்கள் ஆட்கள் கூட்டாக வேலை செய்து பழகியவர்கள், ஒருவர் அழைத்தால் மற்றவர் கை கொடுக்கப் போய்விடுவார். வேறெந்த வேலையிலும் அது நல்ல பழக்கம். இந்த வாசலில் மட்டும் நில்லுங்கள்.

[காட்சி: சாரம். கதவின் மேல் விளிம்பைத் தாண்டி ஒரு ஏணி.]

குரல்: எங்கே பிழை நடக்கிறது? சாரக்காரர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தடுப்பு ஆள் உயரத்துக்குத்தான் கட்டியிருப்பார்கள், சாரம் உயர உயர அதற்கு மேலால் வழி பிறந்துவிடும். யாரும் பூட்டை உடைக்கவில்லை, ஆனால் பூட்டு பயனில்லாமல் போனது. சாரம் கட்ட முதலும் கட்டிய பிறகும் பாதுகாப்புப் பிரிவு பார்க்க வேண்டியது இதற்காகத்தான். தானாகச் சாத்தும் கேற்றை, சாமான் ஏற்ற வசதி என்று வயரால் கட்டி வைப்பதும் இதே பிழைதான்.

பம்ப் இரைச்சலில் அலாரம் கேட்காமல் போகும். பாதுகாப்பு உடைக்குள் மாட்டினால் திரையும் தெரியாது. அப்படியான இடத்தில் காதில் மாட்டும் ஒலி, அதிர்வு, அல்லது வெளியிலிருந்து ஒருவர் கணினியில் இலக்கத்தைப் பார்ப்பது வேண்டும்.

இன்னொன்று, அறை மாறும். நேற்று அளந்த குழாயில் இன்று நீரைச் சுத்திகரித்துக் கதிரியக்கம் சேர்ந்த பிசினைத் தள்ளினால், பழைய வடிகட்டியைப் பக்கத்தால் கொண்டுபோனால், ஈயக் கவசத்தைக் கழற்றினால், நேற்றைய வரைபடம் வெறும் தாள். உலை நிறுத்தும்போது குழாய்ச் சுவர்களில் படிந்த கதிரியக்கக் கோபால்ட் நீரில் கலந்து வேறு இடத்தில் சேரும். சில அழுத்த நீர் உலைகளில், உலைப் பாத்திரத்துக்குக் கீழுள்ள குழிக்குள் அளவீட்டுக் குழாய்களை இழுத்து விடுவார்கள். உலைக் கருவுக்குள் இருந்து வந்தவை அவை, ஆகவே வேறு நாளில் போகக்கூடிய குழி அன்றைக்கு மிக உயர் பகுதி. இப்படியான குழிகளில் ஆட்கள் எல்லை மீறிக் கதிர்வீச்சு வாங்கிய பிறகு 1982இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

[காட்சி: உள்ளிருந்து ஒரு கை, கதவின் தள்ளு கம்பியில்.]

குரல்: வெளியே வர யாரிடமும் திறப்புக் கேட்க வேண்டியதில்லை. உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும், அது விதி. போகும்போதே அந்தக் கம்பி எங்கே என்று பார்த்து வையுங்கள்.

வந்ததும் கதவைச் சாத்தி, பிடியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். நாக்கு முழுதாக விழாத பூட்டு பார்வைக்குப் பூட்டியதாகவே தெரியும். பல தளங்களில் ஒருவர் இழுத்த பிறகு இரண்டாமவரும் இழுத்துப் பார்ப்பார். அதன் பிறகு திறப்பு பெட்டிக்கு, நேரம் பதிவேட்டுக்கு, உங்கள் டோசிமீற்றர் இலக்கம் உங்கள் பெயருக்கு நேரே.