தலை சுற்றினால் காதையும் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் செவித்திறன் சோதனைக் கிளினிக் நடத்துகிறேன். இந்த வேலை என்றதும் எல்லாருக்கும் காது மெஷின்தான் ஞாபகம் வரும். இன்று பேச வந்தது காதுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சங்கதியைப் பற்றி. தலைசுற்றல். நாம் பேச்சுவழக்கில் "பெனிங்கா இருக்கு" என்கிறோமே, அது.

ஒரு கேள்வி. மேல்தட்டில் இருக்கும் மைலோ டின்னை எடுக்க அண்ணாந்து பார்க்கிறீர்கள், சட்டென்று அடுப்படியே சுழல்கிறது. அல்லது விடியற்காலையில் கட்டிலில் வலப்பக்கம் புரள்கிறீர்கள், அறை சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. உங்களுக்கு இல்லையென்றாலும் வீட்டில் அத்தைக்கோ ஆயாவுக்கோ இப்படி வந்திருக்கும். என்ன செய்வோம்? பிரஷர் பார்ப்போம். பசியாறவில்லையா என்று கேட்போம். காற்று என்று எண்ணெய் தடவுவோம். காதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

காதுக்கு இரண்டு வேலை. கேட்பது ஒன்று, உடம்பை நிலையாக வைப்பது இன்னொன்று. கேட்பதற்கான நத்தைச் சுருளும், நிலை காக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் ஒரே எலும்புக்குள் ஒட்டிப் பிறந்தவை. மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பும் ஒன்றே. அந்தக் குழாய்களில் நீர் இருக்கிறது. கையில் இருக்கும் தேநீர்க் கோப்பையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள், கோப்பை திரும்பிவிடும், தேநீர் பின்தங்கும். தலை திரும்பும்போது அந்த நீரும் அப்படிப் பின்தங்குவதை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளைக்குத் தெரிகிறது.

என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். நான் தலைசுற்றல் சோதனையில் இறங்கியதே அம்மாவால்தான்.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. "படுத்தா வீடே சுத்துது பிள்ளை" என்றார். ஒரு கிளினிக்கில் லோ பிரஷர் என்று மாத்திரை கொடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. நானும் அம்மாவைச் சோதனை அறையில் உட்கார வைத்து, காதில் ஒலியை விட்டுப் பார்த்து, "வயசுக்கு நல்லாவே கேக்குதும்மா" என்று வீட்டுக்கு அனுப்பினேன். காதில் ஒரு பாதியைத்தான் சோதித்தேன். மறுபாதியைத் தொடவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான். ஐந்து மாதம் அம்மா படுக்கவே பயந்து சாய்வு நாற்காலியில் தூங்கினார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஏறுகிறவர் அந்த வருஷம் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

அதன்பிறகுதான் பயிற்சிக்குப் போனேன். அங்கே முதலில் சொல்லித் தந்தது 1952-ல் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை. அதற்கு ஒரு கட்டில் போதும். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஆளை வேகமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கண்ணைப் பார்க்க வேண்டும்.

அம்மாவைச் சாய்த்தேன். வலது காது கீழே. நாலு விநாடி, ஐந்து விநாடி, ஒன்றும் இல்லை. பிறகு கருவிழி துள்ளத் தொடங்கியது. மேல்நோக்கித் துள்ளிக்கொண்டே, கீழே இருக்கும் காதின் பக்கமாகச் சுழன்றது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் அவர் வளையல் என் தோலில் பதிந்துவிட்டது. "கண்ணை மூடாதீங்கம்மா, என்னையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே எண்ணினேன். இருபது எண்ணுவதற்குள் ஆட்டம் அடங்கியது. ஐந்து மாதமாக யாருக்கும் பிடிபடாதது என் கண் முன்னால் ஆடி நின்றது.

காரணம் இதுதான். காதுக்குள் நிலை காக்கும் ஒரு சிறு பையில் மிக நுண்ணிய படிகங்கள் ஒட்டியிருக்கும். முட்டை ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்தான் அதிலும். வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடும். படுக்கும்போது அவை உருளும், குழாயில் இருக்கும் நீரையும் இழுக்கும், தலை திரும்பாமலே திரும்பியதாக மூளை நம்பும். மாத்திரை போட்டு அந்தத் துகளை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது. தலையைப் படிப்படியாகத் திருப்பி உருட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் ஜான் எப்ளி என்ற காது மருத்துவர் அந்த முறையை 1992-ல் எழுதி வெளியிட்டார். சில நிமிட வேலை. அம்மா அன்று ராத்திரி கட்டிலில் படுத்துத் தூங்கினார்.

அந்த அசைவுகளை வானொலியில் விவரிக்க மாட்டேன். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்யக்கூடாது. கழுத்தெலும்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகும், சிலருக்குத் திரும்பவும் வரும். வந்தால் திரும்பவும் செய்துகொள்ளலாம்.

இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் ஒருவர் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் போக மனசு வராது. ராபர்ட் பாரனி. வியன்னாவில் காது மருத்துவர். அந்தக் காலத்தில் சீழ் பிடித்த காதை நீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றும், கண் ஆடும். எல்லா மருத்துவர்களும் பார்த்ததுதான். ஒரு நோயாளி, நீர் போதிய சூடாக இல்லாவிட்டால்தான் சுற்றுகிறது என்றாராம். சரி என்று நன்றாகச் சூடாக்கி விட்டார்கள். அப்போதும் சுற்றியது! ஆனால் கண் ஆடிய திசை மாறிவிட்டது. பாரனி அங்கே நின்று யோசித்தார். அண்டாவில் நீர் காயும்போது சூடானது மேலே எழும்பும், குளிர்ந்தது கீழே இறங்கும். காதுக்குள் இருக்கும் நீரும் அதைத்தானே செய்கிறது என்று பிடித்துவிட்டார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு. பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி. சுவீடன் இளவரசர் தலையிட்ட பிறகு 1916-ல் விடுதலையாகித்தான் பரிசை வாங்கினார். ஒரு நோயாளி முணுமுணுத்ததைக் காது கொடுத்துக் கேட்டதில் பிறந்த சோதனை, நேயர்களே. இன்றைக்கும் அதைச் செய்கிறோம். காதில் விடும் நீர் உடல் சூட்டுக்கு 7 டிகிரி கூட 44, 7 டிகிரி குறைய 30. இரண்டு காதும் ஒரே அளவுக்குப் பதில் சொல்கிறதா, ஒரு காது சோர்ந்திருக்கிறதா என்று அதில் தெரியும்.

இப்போது என்னைப் போல் கிளினிக் வைத்திருக்கும் செவித்திறன் நிபுணர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு. நம் நாட்டில் இந்தப் படிப்பு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் தொடங்கியது 1995-ல். படித்துவிட்டு வந்து காதின் ஒரு பாதியோடு நின்றுவிடலாமா? விலை உயர்ந்த கருவியைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் ஒரு கட்டில் வாங்குங்கள். சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், தலைமாட்டில் நீங்கள் நிற்க இடம் வேண்டும். பக்கத்தில் ஒரு பேசின், சில பேர் வாந்தி எடுப்பார்கள். அதன்பின் நோயாளி கண்ணில் மாட்டும், கேமரா பொருத்திய கண்ணாடி. கண் எதையாவது உற்றுப் பார்த்தால் ஆட்டத்தை அடக்கிவிடும், அதனால் இருட்டில் பார்க்க அகச்சிவப்புக் கேமரா தேவை. தலையைச் சட்டென்று சின்னதாகத் திருப்பிப் பார்க்கும் சோதனைக்கான கருவி அதற்கப்புறம். பாரனியின் சோதனை கடைசியாக வரட்டும், கை பழக வேண்டும். கருவியைவிட நேரம்தான் பெரிய செலவு. முழுச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குகிறேன், அதில் முதல் இருபது நிமிடம் கதை கேட்பதற்கே. எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம், கூடவே காது அடைக்கிறதா, இரைகிறதா? பாதி விடை அதிலேயே வந்துவிடும். அக்கம்பக்கத்து ஈஎன்டி மருத்துவர், நரம்பு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் மூவரையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சோதிப்பது நாம், நோய் இன்னதென்று முடிவு சொல்வது மருத்துவர்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான். வயதானவர்கள் விழாமல் இருக்க வீட்டிலேயே செய்யும் பயிற்சிகளைச் சொல்லத் தாளில் எழுதி வந்திருந்தேன், அதற்கு இனி நேரமில்லை. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், முகமோ கையோ ஒரு பக்கம் தொய்ந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், எழுந்து நிற்கவே முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். என்னிடம் வராதீர்கள், உடனே 999-ஐ அழையுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி சோதனைக்கு வருகிறவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தலைசுற்றலுக்கான மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தனியாகக் கார் ஓட்டி வராமல், கூட யாரையாவது அழைத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.