வலையருகே ஒரு துணை: வூகாஷ் குபோட்டின் இரட்டையர் ஆட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இரட்டையர் டென்னிஸில் ஒரு விந்தை உண்டு. தரவரிசைப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம், தனித்தனிப் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிகளில் ஒன்றைக்கூட எவரும் தனியாக நின்று ஈட்ட முடியாது. பெரிய போட்டிகளில் ஒரு ஜோடிக்கு இடம் கிடைப்பதும் இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்த்துத்தான். ஆகவே இரட்டையர் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால், அவர் எந்த ஆண்டில் யாரோடு சேர்ந்து ஆடினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் சுவை மிகுந்த ஒரு வரலாறாக விரிவது, போலந்து நாட்டு வூகாஷ் குபோட்டின் வரலாறு.

பெயரைப் பற்றி ஒரு சொல். போலிஷ் மொழியில் குறுக்குக் கோடிட்ட 'எல்' எழுத்து ஏறத்தாழ 'வ' என்று ஒலிக்கும். ஆங்கில வர்ணனையில் லூகாஸ் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்லும் பெயர் புதியதாகத் தோன்றலாம், ஆள் ஒருவரே.

1982 மே 16 அன்று தென்மேற்குப் போலந்தின் பொலெஸ்வாவியெட்ஸ் நகரில் பிறந்தவர் குபோட். தந்தை யானுஷ் குபோட் கால்பந்துப் பயிற்சியாளர். போலந்துக்கு இரட்டையர் ஆட்டம் புதியதன்று. போஸ்னான் நகரத்து வொய்ச்சியெக் ஃபிபாக், ஆஸ்திரேலியரான கிம் வார்விக்குடன் சேர்ந்து 1978ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றிருந்தார். குபோட்டின் தலைமுறையிலோ மரியுஷ் ஃபிர்ஸ்டென்பெர்க், மார்ச்சின் மட்கோவ்ஸ்கி இருவரும் பல ஆண்டுகள் பிரியாமல் ஆடி, 2011இல் அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டம் வரை சென்றவர்கள். ஒரே நாட்டுக்காரர் இருவர், ஒரே மொழி, ஒரே அணி என்பது அவர்கள் வழி. குபோட்டுக்கு அமைந்த முக்கியத் துணைவர்கள் ஆஸ்திரியா, ஸ்வீடன், பிரேசில் என்று மூன்று நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அவர்களுள் முதலாமவர் ஆஸ்திரியாவின் ஒலிவர் மராக். 2009 ஆஸ்திரேலிய ஓப்பனில் இவர்கள் அரையிறுதியை எட்டினர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், பருவத்தின் தலைசிறந்த எட்டு ஜோடிகள் மட்டுமே ஆடும் லண்டன் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றனர். 2009இல் பெல்கிரேடில் நடந்தது தனிக் கதை. ஒற்றையர் தகுதிச் சுற்றில் தோற்றுப்போன குபோட், பிரதானச் சுற்றில் ஓர் இடம் காலியானதால் உள்ளே சேர்க்கப்பட்டு, இறுதி ஆட்டம் வரை முன்னேறி, உள்ளூர் நாயகனான ஜோகோவிச்சிடம் தோற்றார். அதே வாரம் மராக்குடன் இரட்டையர் பட்டத்தையும் வென்றார்.

அவர் ஒற்றையரிலும் சளைத்தவரல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒற்றையரில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம் இரட்டையர் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். 2010இல் குபோட் ஒற்றையர் தரவரிசையில் 41ஆம் இடத்தை எட்டினார். 2011 விம்பிள்டனில் தகுதிச் சுற்றிலிருந்து கிளம்பி மோன்ஃபில்ஸை வீழ்த்தி, நான்காம் சுற்றில் ஃபெலிசியானோ லோப்பஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஐந்து செட்களில் தோற்றார். 2013 விம்பிள்டனில் காலிறுதியிலேயே நின்றார். அங்கே எதிரில் இருந்தவரும் ஒரு போலந்துக்காரர், யெர்ஸி யானோவிச். நேர் செட்களில் குபோட் தோற்ற பின், வலையருகே இருவரும் கட்டித் தழுவி, கால்பந்து வீரர்களைப் போலச் சட்டைகளைக் கழற்றி மாற்றிக்கொண்டனர். வென்ற நாள்களில் குபோட் களத்திலேயே காலைத் தூக்கித் தூக்கிக் கான்கான் நடனம் ஆடுவார். அன்று அதற்கு இடமில்லாமல் போயிற்று.

ஆறு மாதம் கழித்து, 2014 ஜனவரியில், மெல்பர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனில் அவருடன் நின்றவர் ஸ்வீடனின் ராபர்ட் லிண்ட்ஸ்டெட். 36 வயதாகியிருந்த லிண்ட்ஸ்டெட், ருமேனியாவின் ஹோரியா டெகாவுடன் 2010, 2011, 2012 என்று அடுத்தடுத்து மூன்று விம்பிள்டன் இறுதி ஆட்டங்களில் தோற்றவர். இப்படிப்பட்ட ஒருவரும், கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றின் இறுதி ஆட்டத்தையே அதுவரை பார்த்திராத குபோட்டும் ஜோடி சேர்ந்து, இரட்டையரில் கோலோச்சிய அமெரிக்கர்களான பிரையன் சகோதரர்களை வெளியேற்றியிருந்த எரிக் புட்டோராக், ரேவன் கிளாசன் ஜோடியை இறுதியில் 6-3, 6-3 என்று எளிதாக வென்றனர். நீண்ட காலம் பழகினால்தான் ஜோடி பொருந்தும் என்ற நம்பிக்கையை இந்த வெற்றி சற்று ஆட்டிவிடுகிறது.

பொருத்தம் என்று எதைச் சொல்கிறோம்? தொலைக்காட்சியில் அடுத்த முறை இரட்டையர் ஆட்டம் பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு வலையருகே நிற்பவரின் முதுகுப்புறத்தைக் கவனியுங்கள். எதிரணிக்குத் தெரியாமல் ஒரு கையைப் பின்னால் வைத்து, சர்வீஸ் போடப்போகும் தன் துணைவருக்கு விரல்களை மடக்கியும் விரித்தும் காட்டுவார். பந்து எந்தப் பக்கம் விழ வேண்டும், விழுந்த கணத்தில் தான் குறுக்கே பாய்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்ற செய்தி அந்த விரல்களில் இருக்கிறது. சில வேளைகளில் அவர் நடுக்கோட்டின் மீதே குனிந்து அமர்ந்துவிடுவார். எப்பக்கம் எழுவார் என்று எதிரணிக்குத் தெரியாது. சர்வீஸ் குறித்த இடத்தில் விழாவிட்டால், பாய்ந்தவர் விட்டுச் சென்ற பாதிக் களம் திறந்து கிடக்கும். இத்தகைய முடிவுகளை ஒரு மாலையில் நூறு முறைக்கு மேல் எடுக்க வேண்டும். உரக்கப் பேச இயலாது. தவறினால் முகம் சுளிக்கவும் கூடாது.

இந்த விரல் மொழி குபோட்டுக்கு மிக நன்றாக வாய்த்தது பிரேசிலின் மார்செலோ மெலோவுடன். 203 சென்டிமீட்டர் உயரம். ஒட்டகச்சிவிங்கி என்பது அவருடைய பட்டப்பெயர். வலையருகே அவர் கைகளை விரித்தாலே எதிரணிக்கு இடம் சுருங்கிவிடும். 2015, 2016 ஆண்டுகளில் வியன்னா போட்டிக்கு மட்டும் சேர்ந்து இரண்டு முறையும் பட்டம் வென்ற பிறகே, 2017இல் முழுநேர ஜோடியாக ஆட முடிவெடுத்தார்கள். இண்டியன் வெல்ஸில் இறுதியில் தோற்று, மயாமியிலும் மாட்ரிட்டிலும் வென்று, புல்தரையில் தோல்வியே காணாமல் விம்பிள்டன் இறுதிக்கு வந்தனர்.

2017 ஜூலை 15 மாலை. எதிரணியில் குரோஷியாவின் மட்டே பாவிச். அவருக்குத் துணையாக நின்றவர், குபோட்டின் பழைய துணைவர் அதே ஒலிவர் மராக். குபோட்டின் சர்வீஸ் அழுத்தமான நேரத்தில் எங்கே போகும் என்பதை உலகில் வேறெவரையும்விட அறிந்திருக்கக்கூடியவர் அவரே. 5-7, 7-5, 7-6, 3-6 என்று நான்கு செட்கள் சமமாகப் பிரிந்தன. ஐந்தாம் செட்டில் 11-11 என்ற நிலையில் வெளிச்சம் குன்றி ஆட்டம் நிறுத்தப்பட்டு, கூரை மூடப்பட்டு, விளக்குகள் ஏற்றப்பட்டன. அந்த இடைவேளைக்குப் பின் தொடர்ந்து இரண்டு கேம்களை எடுத்து 13-11 என்று குபோட்டும் மெலோவும் முடித்தபோது 4 மணி 39 நிமிடம் ஆகியிருந்தது. அரையிறுதியும் ஐந்து செட்களுக்கு நீண்டதே. 2023 முதல் விம்பிள்டன் ஆடவர் இரட்டையரை மூன்று செட்களாகக் குறைத்துவிட்டார்கள். உடல்நலம் கருதி அது சரியாகவே இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

2018 ஜனவரி 8 அன்று, 35 வயதில், குபோட் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். போலந்துக்காரர் எவரும் அதுவரை அந்த இடத்தில் இருந்ததில்லை. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியில் மைக் பிரையன், ஜாக் சாக் ஜோடியிடம் 6-3, 6-1 என்று தோற்றார்கள். அக்டோபரில் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் வென்றார்கள்.

2020 இலையுதிர்காலத்தில், அந்தப் பருவத்தோடு பிரிவது என்று இருவரும் முடிவு செய்தனர். பிரியும் முன் ஆடிய போட்டிகளுள் ஒன்று, எங்கே சோதனைக்காக முதன்முதலில் ஜோடி சேர்ந்தார்களோ அந்த வியன்னா. 38 வயதுக் குபோட்டும் 37 வயது மெலோவும் அங்கே மூன்றாம் முறையாகப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.