கடனாகித் திரும்பும் அன்பு

நண்பர்களே,

அயர்லாந்தின் குற்றக் கும்பல்கள் என்றதும் டப்ளின்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்று நாம் பார்க்கப்போவது அவற்றின் போதைப்பொருள் வணிகத்தின் கடைசிக் கிளையை. ஒரே பள்ளி, ஒரே தேவாலயம், இரண்டு மூன்று மதுக்கடைகள், யார் யாருடைய பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்த சிறு ஊர். அங்கே ஒரு பையன் கும்பலை விட்டு விலகாததற்குக் காரணம் விசுவாசம் என்பார்கள். அந்த விசுவாசத்துக்குள்ளே இருப்பது பெரும்பாலும் கடன். அந்தக் கடனை வசூலிக்கும் இடம், அவனை நேசிப்பவர்களின் வீடு. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

லிமெரிக் பல்கலைக்கழகத்தின் ஷான் ரெட்மண்ட் 2016இல் வெளியிட்ட 'கிரீன்டவுன்' ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. பெயர் கற்பனை, ஊர் உண்மை, டப்ளினுக்கு வெளியே இருப்பது. அயர்லாந்தின் காவல்துறையான கார்டா, யார் யாரோடு சேர்ந்து குற்றம் செய்தார்கள் என்று தன் பதிவுகளிலிருந்து ஒரு வலைப்படம் வரைந்தது. ஆட்களின் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகள். அங்கே பணியாற்றிய காவலர்கள் முன் அந்தப் படத்தை விரித்து, ஒவ்வொரு இணைப்பும் எப்படி உண்டானது என்று கேட்டார்கள். நடுவில் நின்றது ஒரு குடும்பமும் அதன் உறவு வட்டமும். அதைச் சுற்றி, வீடு புகுந்து திருடவும் போதைச் சரக்கு விற்கவும் பயன்பட்ட சிறுவர்கள்.

அவர்களை யாரும் கழுத்தைப் பிடித்து இழுத்து வருவதில்லை. முதலில் கிடைப்பதெல்லாம் கொடைதான். விருந்து, மது, கொஞ்சம் சரக்கு, கையில் செலவுக்குக் காசு, கூடவே 'இவன் நம்ம பையன்' என்ற ஒரு வார்த்தை. வீட்டிலும் பள்ளியிலும் யாரும் பொருட்படுத்தாத பையனுக்கு அது உண்மையான அன்பாகவே படும். அதைப் போலி என்று நாம் ஒதுக்கித் தள்ளினால், அவன் ஏன் போனான் என்பது நமக்குக் கடைசிவரை விளங்காது.

அடுத்த கட்டம் கணக்கு. 2,000 யூரோ பெறுமான சரக்கை முன்பணம் இல்லாமல் அவன் கையில் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்ற பிறகு பணம் தந்தால் போதும். பாதியை அவனே பயன்படுத்திவிடலாம், யாராவது திருடலாம், கார்டா பறிமுதல் செய்யலாம். சரக்கு போனாலும் கடன் போகாது. கொடுத்தவனே மேலே ஒருவனுக்குக் கடன்பட்டிருப்பான். அதனால் நட்டம் எப்போதும் கீழ்நோக்கியே இறங்கும். தண்டம் சேரும், தொகை இரட்டிப்பாவதும் உண்டு. பணம் இல்லையென்றால் உடலுழைப்பால் தீர்க்க வேண்டும்: பொட்டலத்தை ஒளித்து வை, கொண்டுபோய்க் கொடு, இன்னொரு கடன்காரன் வீட்டு ஜன்னலை உடை. அந்த ஜன்னலை உடைத்தவுடன் அவன் குற்றத்தில் பங்காளி. இனி வாய் திறக்க முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த மௌனத்தைத்தான் விசுவாசம் என்கிறார்கள்.

அவனால் முடியாதபோது ஆட்கள் அம்மாவிடம் வருவார்கள். மிரட்டல் பேச்சில் தொடங்கி, உடைந்த கண்ணாடி, எரிந்த கார், பெட்ரோல் குண்டு என்று ஏறும். அவள் கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டுவாள். இதில் ரசீது கிடையாது, கணக்கு முடிந்ததற்குச் சாட்சி கிடையாது. இந்த வீட்டில் கேட்டால் பணம் வரும் என்ற செய்தி மட்டும் வசூலிப்பவர்களுக்கு உறுதியாகிறது. மீண்டும் வருகிறார்கள். பல குடும்பங்கள் மூழ்குவது இந்த இடத்தில்தான்.

காதலி கொடுக்கும் விலை வேறு வகை. 'ரெண்டு நாள் இந்தப் பையை உன் அலமாரியில் வச்சிரு' என்று ஒருவன் கேட்கிறான். போதைப்பொருள் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி, விற்பனைக்கான சரக்கின் சந்தை மதிப்பு 13,000 யூரோவைத் தொட்டால் குறைந்தபட்சமாக எதிர்பார்க்கப்படும் தண்டனை 10 ஆண்டு. தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொள்வது, விசாரணைக்கு உதவுவது போன்ற விதிவிலக்கான காரணங்கள் இருந்தால் நீதிபதி குறைக்கலாம். ஆனால் மதிப்பு இவ்வளவு என்று தெரியாது என்ற வாதம் செல்லாது. கோகெயின் கிராமுக்கு 70 யூரோ என்று கணக்கிட்டால் 186 கிராம் போதும். ஒரு சின்னப் பொட்டலம். விசாரணைக்கு உதவாமல் மறைத்து நிற்பதுதான் காதல் என்று நம்புகிறவள், சட்டம் திறந்து வைத்திருக்கும் அந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறாள்.

இன்னொரு நுணுக்கம். சட்டப்படி மணந்த துணையை, தனக்கோ பிள்ளைகளுக்கோ எதிரான வன்முறை போன்ற சில வழக்குகள் தவிர, அரசுத் தரப்புச் சாட்சியாக வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் காதலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவள் பெயரில் அவன் வாங்கிய காரும் தப்பாது. 1996இல் உருவான குற்றச் சொத்துப் பணியகம் என்ற அரசு அமைப்பு, குற்றத்தில் வந்த பணத்தில் வாங்கிய சொத்து யார் பெயரில் இருந்தாலும் தொடரலாம். அதற்கான மதிப்பு வரம்பு 2016இல் 13,000 யூரோவிலிருந்து 5,000 ஆகக் குறைக்கப்பட்டது. சிறு ஊர் ஆட்களைத் தொடும் அளவுக்கு அது இறங்கியது நல்ல மாற்றம் என்பேன்.

அடிமட்டத்தில் இருப்பவனுக்கு விசுவாசம் என்ன பாதுகாப்புத் தருகிறது? போய்ன் ஆற்றங்கரையில் உள்ள ட்ரோஹெடாவில் 2018இல் வெடித்த கும்பல் பகையில், 2020 ஜனவரியில் 17 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். அவன் உடலையும் சிதைத்தார்கள். நாடே உலுக்கப்பட்ட பிறகுதான் அந்த ஊருக்கான தேவைகளை ஆராய்ந்து 2021இல், நன்னடத்தைச் சேவையின் முன்னாள் இயக்குநர் விவியன் கைரனின் அறிக்கை வந்தது.

வழி இருக்கிறது, அது குடும்பத்தின் வழியாகவே போக வேண்டும். ஒவ்வொரு கார்டா கோட்டத்திலும் போதைக்கடன் மிரட்டலுக்கென ஒரு காவல் ஆய்வாளர் நியமிக்கப்பட்டிருக்கிறார். முறையான புகார் கொடுக்காமலேயே அவரைச் சந்திக்கலாம். மிரட்டல் எவ்வளவு தீவிரமானது, வீட்டின் பாதுகாப்புக்கு என்ன செய்வது, புகார் கொடுத்தால் அடுத்து என்னென்ன நடக்கும், போதையிலிருந்து மீள எங்கே போவது என்று அவர் விளக்குவார். பணம் கட்டுவதற்கு முன்பே இந்தச் சந்திப்பு நடந்தால் நல்லது. துணையை மிரட்டியும் கட்டுப்படுத்தியும் வைத்திருப்பது 2019 முதல் தனிக் குற்றம். உச்சத் தண்டனை 5 ஆண்டு. பயந்து பையை வாங்கி வைத்த பெண்ணின் வழக்கறிஞர் இந்தக் கோணத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிறுவனைக் குற்றத்துக்குத் தூண்டுவதும் அழைப்பதும் 2024 சட்டத்தால் தனிக் குற்றமாயிற்று. அதற்கும் 5 ஆண்டு வரை சிறை. தலைவனை மட்டும் சிறைக்கு அனுப்பினால் அவன் தம்பியோ மச்சானோ அந்த இடத்துக்கு வரலாம். அதனால்தான் கிரீன்டவுன் ஆய்வைத் தொடர்ந்து வந்த முயற்சிகள் வலையைக் குலைப்பதோடு நிற்காமல், பையனோடும் அவன் வீட்டாரோடும் அக்கம்பக்கத்தாரோடும் சேர்ந்தே வேலை செய்யப் பார்க்கின்றன.